பதினேழாவது மாடி

ஷர்லிக்கு வைத்த பேனர் ரெண்டு பனைமர உயரம் இருந்தது. என் சம்சாரம் அழகம்மாள் பக்கத்தில் இருந்தால் "பத்தடி" என்று திருத்துவாள். அவள் அளந்து பேசுகிறவள். நான் அரசுப் பேருந்தில் முப்பத்தி நாலு வருஷம் கண்டக்டர். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டே கதை பேசி ரிட்டயர் ஆனவன். அதனால் ரெண்டு பனைமரம் என்றே இருக்கட்டும்.

எங்கள் சேந்தங்கொல்லைக்கு ஆலங்குடி ரோட்டிலிருந்து பிரிகிற இடத்துக்குக் கைகாட்டி என்று பேர். பஸ் நிற்பது அங்கேதான். எழிலரசன் டீக்கடை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்து பேனர் எல்லாமும் அங்கேதான். அந்த இடத்தில், போன வருஷம் ஆவணிக் கடைசியில், "பணி நிமித்தம் கொரியா தேசம் செல்லும் எங்கள் மண்ணின் விடிவெள்ளியே" என்று ஷர்லி நின்றாள். காலேஜ் அடையாள அட்டையிலிருந்து அவள் முகத்தை வெட்டி, கோட்டு போட்ட யாரோ ஒரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு இரும்புக் கோபுரம். அது பாரீஸில் இருப்பது என்று எழிலரசனுக்கே தெரிந்திருந்தது. அடியில் வாழ்த்துகிறவர்கள் முப்பத்திரண்டு தலை. நட்டநடுவில் கூலிங் கிளாஸோடு இருந்தது நான். விடிவெள்ளி என்ற வார்த்தையும் நான் போட்டதுதான்.

ஒரே ஒரு குறை. அப்போது ஷர்லிக்கு விசா வரவில்லை. வேலையும் வரவில்லை. வந்திருந்தது ஒரு வீடியோ கால்.

அவள் அப்பன் குழந்தைசாமி தேங்காய் உரிக்கிறவன். தரையில் நட்ட கடப்பாரை முனையில் காயைக் குத்தி மூணு முறுக்கு முறுக்கினால் மட்டை தனியாக வந்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் காய். பஸ்ஸில் நான் சொன்னால் மூவாயிரம். சொந்தத்தில் நாற்பது தென்னை வைத்திருந்தான். கஜா புயல் அத்தனையையும் ஒரே பக்கமாகப் படுக்க வைத்துவிட்டது. அவன் பெண்டாட்டி சவேரியம்மா முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிறாள். வறுத்த கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரலை வைத்தால் மிஷின் அவளை யாரென்றே கண்டுகொள்ளாது. இந்த ரெண்டு பேருக்கும் பிறந்த ஒற்றைப் பெண் கொரிய பாஷை பேசினாள்.

கொரோனா காலத்தில் செல்போனில் கொரியா சீரியல் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் அழுதன. இவள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்று நோட்டில் எழுதிப் பார்த்தாள். அப்புறம் ஆன்லைன் வகுப்பு. அப்புறம் சென்னைக்குப் போய்ப் பரீட்சை. ஆறு படி உண்டாம். நாலாம் படி பாஸ். கொட்டகைப் புகையில் அம்மாவுக்குச் சோறு கொண்டுவரும்போதும் காதில் மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டு வருவாள். ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன்.

"ஏத்தா, அந்தப் பாஷையில மரியாத உண்டா?"

"நம்மள விடக் கூட மாமா. நாம ஒரு 'ங்க' போட்டா முடிஞ்சுச்சு. அங்க வயசுக்கு ஒன்னு, பதவிக்கு ஒன்னு, கடைக்காரருக்கு ஒன்னு. மாத்திப் பேசுனா மொகத்தத் திருப்பிக்குவாங்க."

"அப்ப எனக்கு எது?"

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் மேல உள்ளது. ஆனா நீங்க சொல்றத நம்பணும்னு அதுல இல்ல."

வாய்க்காரி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

எழிலரசனுக்கு ஒரு சந்தேகம். "பாஷதான் தெரிஞ்சிருச்சுல்ல பாப்பா? டிக்கெட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"அப்படிப் போக முடியாதுண்ணே. அங்க உள்ள கம்பெனி ஒன்னு, 'இந்தப் பொண்ணு எங்களுக்கு வேணும், நாங்க பொறுப்பு'ன்னு அவங்க கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கணும். ஸ்பான்சர்ம்பாங்க. அது இல்லாட்டி விசாவே கிடையாது."

"திருவிழாவுக்கு மைக்செட்டு உபயம்னு போடுறாகளே, அது மாதிரியா?"

"அதேதான். என்னைய உபயம் பண்ண ஆள் தேடுறேன்."

இருபது கம்பெனிக்கு எழுதினாள். நானூறு என்று நான் சொல்லி வைத்திருந்தேன். பதில் எல்லாம் ஒரே மாதிரி: பாஷை நன்றாக இருக்கிறது, விசா எங்களால் முடியாது. ஆவணியில் ஒரு கம்பெனி வீடியோவில் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசியது. இவள் "நே, நே" என்று தலையாட்டினாள். அவர்கள் பாஷையில் ஆமாம் என்று அர்த்தம். கடைசியில் அந்த மேனேஜர், நன்றாகப் பேசுகிறீர்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார். இவ்வளவுதான் நடந்தது. சவேரியம்மா அழகம்மாளிடம் "புடிச்சிருக்குன்னாகளாம் மதினி" என்றாள். அழகம்மாள் அதை அப்படியே என்னிடம் சொன்னாள். நான் காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துப் பஸ்ஸில் "வேலை கிடைச்சாச்சு" என்றேன். பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்பி வருகிறேன், அதே சேதி ஏரோப்ளேன் டிக்கெட்டோடு என்னிடமே வருகிறது. டிக்கெட் நான் போட்டதில்லை. திருவரங்குளத்தில் ஏறிய எவனோ செய்த வேலை.

எங்கள் ஊரில் பாதிப் பேர் மாதா கோயில், பாதிப் பேர் மாரியம்மன் கோயில். நான் மாரியம்மன். மாதா கோயிலில் பூசை தொடங்குவதற்கு முன்னால் உபதேசியார் மரியசெல்வம், இன்றைய பூசை இன்னாருக்காக, இன்ன காரணத்துக்காக என்று சீட்டைப் பார்த்து மைக்கில் வாசிப்பார். குழாய் கட்டியிருப்பதால் கைகாட்டி வரை கேட்கும். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவம் என்று எங்களுக்கும் அதில்தான் தெரியும். விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டுதலாகக் கொடுத்திருக்கலாம். ஊர் பேசிய பேச்சில் அவர்களே மயங்கிப்போய், செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழா அன்றைக்கு நன்றியாகக் கொடுத்துவிட்டார்கள். "கொரியா நாட்டில் வேலை பெற்ற மகள் ஷர்லிக்காக, நன்றியாக, பெற்றோர் குழந்தைசாமி, சவேரியம்மாள்." ஊரே கேட்டது. மதியம் ஆட்டுக்கறிச் சோறு. நான் மூணு எலை சாப்பிட்டேன். சரி, ரெண்டு.

புரட்டாசி பிறந்து ஒரு வாரத்தில் வாடகைக் கார் வந்தது. திருச்சி ஏர்போர்ட். கைகாட்டியில் நிறுத்தி எல்லாரும் கையாட்டினோம். சவேரியம்மா காருக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"எதுக்குத் தங்கச்சி அழுவுற? ஒன் மக மகாராணியாட்டம் போறா," என்றேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசி சஷ்டிக்கு நான் விராலிமலை போனேன். முருகனைப் பார்த்துவிட்டு, வெயில் சுட்ட படியில் குதித்துக் குதித்து இறங்கி, ரோட்டோரம் மோர் குடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை தொங்க முப்பது பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். அதில் ஒன்று என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டது. டிக்கெட் எடுக்காமல் ஒளிகிறவர்களை முப்பத்தி நாலு வருஷம் தேடிப் பிடித்தவன் நான்.

"ஷர்லி?"

"கத்தாதீங்க மாமா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கடை மறைவில் நிறுத்தினாள்.

"கொரியாவுலேருந்து எப்ப வந்த?"

"போனாத்தானே மாமா வர்றதுக்கு."

திருவிழா முடிந்து எட்டாம் நாள் அந்தக் கம்பெனி கடிதம் அனுப்பிவிட்டதாம். இந்த வருஷம் விசா ஸ்பான்சர் செய்ய இயலாது, மன்னிக்கவும்.

"ஏத்தா, அப்பவே சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுபுடுவோம்?"

"எப்படி மாமா சொல்றது? பஸ் ஏறப் போனா பேனரு. பால் வாங்கப் போனா பேனரு. கோட்டு போட்டுக்கிட்டு என்னைய நானே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அப்பா கைகாட்டிப் பக்கமே போறதில்ல, கொல்லைக்குள்ள சுத்திச் சுத்திப் போவாரு. 'மாதாவுக்கே நன்றி சொல்லியாச்சு, இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டு'ங்கிறாரு. அதான் அந்தக் காரு. கார்ல அப்பாவும் அழுவுறாரு. டிரைவரு 'ரெண்டே வருசம், ஓடிரும் சார்'ங்கிறாரு. ஏர்போர்ட்டு வாசல்ல என்னைய எறக்கிவிட்டுட்டு அவங்க திரும்புனாங்க, நான் பஸ் புடிச்சு இங்க வந்துட்டேன்."

மிச்ச மோரைத் தரையில் கொட்டினேன். விடிவெள்ளி.

ஒரு உதிரி பாகக் கம்பெனியில் சாமான் சரிபார்க்கிற வேலையாம். பக்கத்திலேயே ஹாஸ்டல். சாயங்காலம் வந்து கொரியாக் கம்பெனிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"கிடைச்சா இங்கேருந்தே அப்படியே போயிருவேன். யாருக்கும் தெரிய வேணாம். அத்தகிட்ட கூட சொல்லாதீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், உங்களாலா, என்று இருந்தது. ஆனால் காப்பாற்றினேன். அழகம்மாளிடமே சொல்லவில்லை என்றால் பாருங்கள். ஆனால் அடக்கி வைத்த உண்மை எனக்கு வயிற்றில் வாயு மாதிரி. வேறு வழியாக வெளியே வந்தது. டீக்கடையில் யார் கேட்டாலும் அவிழ்த்துவிட்டேன். கடலோரம் வீடு என்றேன். பதினேழாவது மாடி என்றேன். ஐந்து மாதத்தில் அந்த வீட்டுக்கு நான் வைத்த சன்னல்கள் கொஞ்சமா? ஒரு நாள் நான் பனி பொழிய வைத்துக்கொண்டிருந்தபோது குழந்தைசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீ கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவன் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான். அடக்கமான மனுஷன் என்றார்கள். நான் மேலே பனியைக் கொட்டினேன்.

மாசியில் ஷர்லிக்கு ஒரு வழி திறந்தது. திருவரங்குளம் பக்கத்துப் பையன் பிராங்க்ளின், கொரியாவில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். கட்டைவிரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் கேட்பது இவனுக்குப் புரியவில்லை, இவன் கத்துவது அவர்களுக்குப் புரியவில்லை. கூட்டாளி ஒருத்தன் கொடுத்த நம்பரில் ஷர்லியைப் பிடித்தான். அவள் விராலிமலை ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, டாக்டருக்கு ஒரு மரியாதை, சூப்பர்வைசருக்கு ஒரு மரியாதை வைத்து முக்கால் மணி நேரம் பேசி, விரலை எடுக்காமல் தைக்க வைத்தாள். போனை வாங்கி அந்தச் சூப்பர்வைசர் கேட்டாராம், இந்தப் பெண் யார், எங்கே வேலை பார்க்கிறாள் என்று. அங்கே நம் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்களாம். பாஷை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். ரெண்டு தடவை வீடியோவில் பேசி, பங்குனியில் எழுத்தாகவே கொடுத்துவிட்டார்கள்: நாங்கள் விசாவுக்குப் பொறுப்பு. ஏப்ரல் முப்பதுக்குள் தாள்கள் எல்லாம் வர வேண்டும். அதில் ஒன்று போலீஸ் சான்று. பெண் இந்த ஊர்தான், வழக்கு எதுவும் இல்லை என்று.

ஷர்லி சத்தமில்லாமல் மனுப் போட்டாள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி சேந்தங்கொல்லை முகவரி. அவளுக்கும் பெற்றவர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை வாயில் வெற்றிலையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சித்திரை வெயில். காற்றில் முந்திரி வறுக்கிற புகை. பைக்கில் ஒரு ஆள் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வெட்டிய மீசை, கையில் ஃபைல். டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

"குழந்தைசாமி வீடு பூட்டிக் கெடக்கே. அவருக்கு ஷர்லின்னு ஒரு பொண்ணு இருக்குல்ல?"

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் தனியாகக் கைகாட்டிக்கு வந்து டீ குடிப்பார். போகிற போக்கில் கேட்பது போலப் பெண்ணைப் பற்றிக் கேட்பார். டீக்கடையில் நாலு நல்ல வார்த்தை விழுந்தால் கல்யாணம். ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. அதனால் யார் வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும், சண்டைக்காரன் வீடாக இருந்தாலும், தூக்கி வைத்துத்தான் பேசுவோம். நான் எழிலரசனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"தங்கமான புள்ளைங்க," என்று ஆரம்பித்தேன்.

"இப்ப இங்கதான் இருக்கா?"

"இங்கயா? நல்லாக் கேட்டீங்க போங்க. கொரியாவுல இருக்குங்க."

"எப்ப போச்சு?"

"ஏழு மாசம் ஆச்சு. அந்தா பேனரு, பாக்கலியா நீங்க?"

வெயிலில் வெளுத்துப்போயிருந்தாலும் கோட்டு தெரிந்தது. அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் காட்டத்தான் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அங்க எங்க தங்கியிருக்கு?"

"கடலோரம். பதினேழாவது மாடி. சன்னலத் தொறந்தா கப்பலு. பனி பேஞ்சா 'நீ வெளிய வராத கண்ணு'ன்னு மொதலாளியே சோறு குடுத்துவிடுறாருங்க."

"போன வாரங்கூடப் போன் பேசுச்சு," என்றான் எழிலரசன், தன் பங்குக்கு.

"நடுவுல ஊருக்கு வந்துச்சா?"

"எங்கிட்டுங்க நேரம்? அது ஒரு நாள் இல்லாட்டி அங்க ஒரு வேலை ஓடாது."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் பேரைக் கேட்டார். ஊரில் யாரும் கூப்பிடாத குழந்தைவேல் என்ற பேரைச் சொல்லி, ரிட்டயர்டு கண்டக்டர் என்றும் சேர்த்துப் போடச் சொன்னேன்.

"அப்ப மாப்பிள்ளைக்கு என்னங்க உத்தியோகம்?"

"எந்த மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு பைக்கை உதைத்தார்.

கூச்ச சுபாவம் போல என்று எழிலரசனிடம் சொன்னேன்.

சனிக்கிழமை போன் வந்தது. ஷர்லி.

"மாமா, பதினேழாவது மாடின்னு சொன்னது நீங்கதானே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் களைத்துப்போய்க் கேட்டாள்.

"வந்தது போலீசு மாமா. அருள்மணின்னு ஏட்டு. நான் வேலையில இருக்கையில போன் அடிச்சிருக்காரு; கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க, வாசல்லயே பூட்டி வச்சிருந்துச்சு. நேத்து அப்பாவோட ஸ்டேஷனுக்குப் போனேன். படிச்சுக் காட்டுனாரு. மனுதாரர் அந்த முகவரியில் இல்லை, ஏழு மாசமா வெளிநாட்டுல இருக்காரு, அக்கம்பக்கத்துல விசாரிச்சதுல உறுதின்னு போட்டு ஒங்க பேரு. பேனரு போட்டோ வேற."

"நீதான் நேர்ல நிக்கிறியே ஆத்தா!"

"சொன்னேன். 'நீ நிக்கிற, ஊரு இல்லைங்குது, நான் யார நம்புறது'ங்கிறாரு. ஊர்க்காரங்க ரெண்டு பேரு, இந்தப் பொண்ணு எங்கயும் போகல, விராலிமலையில வேலை பாக்குதுன்னு எழுத்துல குடுத்தா திரும்ப விசாரிச்சு எழுதுறேன்னாரு. முப்பதாந்தேதி தாண்டிட்டா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க மாமா."

அறுபத்தாறு வயதில் கன்னம் சுடும் என்று எனக்குத் தெரியாது.

கொட்டகைக்குப் போனேன். சவேரியம்மா மண்ணில் உட்கார்ந்து, சாம்பல் தொட்ட விரலால் கொட்டையை நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு ரெண்டாகும், பருப்பு முழுசாக வரும். மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குழந்தைசாமி தூணோரம் குத்துக்காலிட்டிருந்தான்.

"வேணாம் மச்சான்," என்றான் நான் வாயைத் திறக்கும் முன்னே. "ஊரு முன்னாடி நிக்க என்னால ஆகாது. அந்த வேலையே வேணாம். விராலிமலையிலயே இருந்துக்கட்டும்."

"ஒங்க மூஞ்சியக் காப்பாத்த அவ வேலைய விடணுமாக்கும்?" சவேரியம்மா கொட்டையைத் தட்டுவது நிற்கவில்லை.

"நன்றிப் பூசை குடுத்தோமேடி. மாதாகிட்டப் பொய் சொன்னவன்னு..."

"மாதாவுக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதது ஊருக்குத்தான்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசமா இந்தக் கொட்டகையில பத்துப் பேரு 'மக எப்படி இருக்கா'ன்னு கேப்பாளுகண்ணே. கொட்டையத் தட்டிக்கிட்டே 'நல்லா இருக்கா'ம்பேன். இந்த எண்ணெ பட்டா ஒரு வாரத்துல தோலு உரிஞ்சு புதுசு வந்துரும். இது உரியவே மாட்டேங்குது."

"எல்லாம் என் வாயால வந்தது தங்கச்சி."

"பாதி ஒங்க வாயி. மீதி எங்களோடது. சீட்டு எழுதிக் குடுத்தது நாங்கதானே? மைக்குல சொன்னத மைக்குலயேதான் அழிக்கணும்."

குழந்தைசாமி தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொண்டான். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

"என் பேரையும் சேத்துக்க," என்றேன்.

"நீங்க மாரியம்மன் கோயிலு."

"மாதா கோவிச்சுக்குமா?"

"மாதா கோவிக்காது. மதினி கோவிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் டீக்கடையில் இருந்தேன். கோயிலுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. மணி அடித்தது. குழாயில் மரியசெல்வம் தொண்டையைக் கனைத்தார். ரெண்டு தடவை கனைத்தார்.

"இன்றைய பூசை. கொரியா போகாத, ஏழு மாதமாக விராலிமலையில் வேலை பார்க்கும் மகள் ஷர்லிக்காக. அவளுக்கு விசா கிடைக்க வேண்டுதலாக. கிடைக்கும் முன்னரே நன்றி சொல்லி ஊரை ஏமாற்றியதற்கு மன்னிப்பாக. பெற்றோர் குழந்தைசாமி, சவேரியம்மாள்." கொஞ்ச நேரம் மைக் உறுமியது. "பொய்யைப் பெருக்கிச் சொன்ன கண்டக்டருக்காகவும்."

பாலை ஆற்றிக்கொண்டிருந்த எழிலரசன் கை அப்படியே நின்றது. பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தோம். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் என்னைப் பார்க்கவும் இல்லை. ஷர்லி போன் பேசினாள் என்று சொன்னவன் எழிலரசன். அவள் அனுப்பிய மிட்டாயைத் தின்றதாகச் சொன்னவர் ஒருத்தர் அதே பெஞ்சில் இருந்தார். அவரவர் கிளாஸை அவரவர் பார்த்துக்கொண்டு குடித்துவிட்டு ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள்.

வீட்டுக்குப் போனால் அழகம்மாள் வாசலில் நின்றாள்.

"இத்தன நாளா என்கிட்டயே சொல்லாம இருந்தீகளா?"

"சத்தியம் பண்ணிருந்தேன்."

"அடக்கத் தெரிஞ்ச வாயிதானே? அப்பறம் எதுக்கு அந்தப் பதினேழு மாடி?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்று மதியமே குழந்தைசாமி ஏணி போட்டுப் பேனரை அவிழ்த்தான். பிடிக்கப் போனேன்; ஒரு முனையைக் கொடுத்தான். இப்போது அது கொட்டகையில் கொட்டை காயப்போட விரித்துக் கிடக்கிறது, எழுத்து கீழே, வெள்ளை மேலே.

செவ்வாய்க்கிழமை ஏட்டு அருள்மணி உடுப்போடு வந்தார். ஷர்லி கம்பெனியில் லீவு போட்டு வந்திருந்தாள். துப்பட்டா தோளில் இருந்தது. ஏழு மாதம் கழித்துக் கைகாட்டியில் பட்டப்பகலில் இறங்கி, கடையில் இருந்தவர்களுக்கு நடுவில் நடந்து வந்தவள். வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, முந்திரிப்பருப்பு வறுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். ஏட்டு தொடவில்லை. எழுதினார், கேட்டார், எழுதினார்.

"சாட்சி ரெண்டு பேரு."

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முன்னால் போனேன். அந்த ஒரு கையெழுத்துக்காகத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தேன்.

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வேணாம் பெரியவரே."

கடிந்து சொல்லவில்லை. காலாவதியான பாஸைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். எத்தனை பேரிடம் நான் அப்படித் திருப்பிக் கொடுத்திருப்பேன். உபதேசியார் மரியசெல்வம் போட்டார். ரெண்டாவது ஆளுக்கு ஏட்டு சுற்றிலும் பார்த்தபோது, அழகம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் போட்டாள். நான் கொய்யா மரத்தடியில் பேனாவோடு நின்றேன்.

சான்று இருபத்தெட்டாம் தேதி வந்தது. விசா வந்தது ஆனியில். ஒரு தாள்தான். தொட்டுப் பார்த்தேன். கிளம்புவதற்கு முன்தினம் ஷர்லி வீட்டுக்கு வந்து அழகம்மாளிடம் சொல்லிக்கொண்டாள். எனக்கும் சொன்னாள்.

"கம்பெனி ஹாஸ்டல்ல எடம் போட்டிருக்காங்க மாமா. ரெண்டாவது மாடி."

"சரித்தா."

"ரெண்டு."

"சரித்தா."

கார் இல்லை. காலை ஆறு நாற்பது டவுன் பஸ்தான். ஊரில் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். கைகாட்டியில் நின்றது குழந்தைசாமி, சவேரியம்மா, அழகம்மாள், நான். குழந்தைசாமி இந்தத் தடவை அழவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, படிக்கம்பியைத் துடைத்துவிட்டான், எதற்கென்று தெரியவில்லை. சவேரியம்மா கறுத்த விரலால் மகள் நெற்றியில் சிலுவை போட்டாள். புதுக் கண்டக்டர் "எங்கம்மா?" என்றான். "புதுக்கோட்டை," என்றாள் ஷர்லி.

பஸ் போனதும் எழிலரசன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். ரெண்டு மாதமாக அவன் என்னிடம் கதை கேட்டதில்லை. அன்றைக்கு அவனுக்கும் தாங்கவில்லை.

"ஏங்க கண்டக்டரே, பெட்டி பெருசா இருந்துச்சே. கொரியாதானே? எப்படி எடமாம், என்ன ஏதுன்னு சொல்லுச்சா?"

வாய் வரைக்கும் வந்தது. கடல், கப்பல், எல்லாம் வந்து நின்றது. அழகம்மாள் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல பதினோரு பேரு இருந்தாங்க," என்றேன். "அது ஏறுனதோட பன்னெண்டு. அம்புட்டுத்தான் நான் பாத்தேன்."